பெயரறியாத் திராவகம்

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயில்வார்க்குத் திராவகத்தோடு என்ன உறவு என்று, இத்தலைப்பைக் கண்ட அன்பர் சிலர் நகைத்தல் கூடும். இலக்கண வகுப்பினின்று வெளிப்போந்து தாழ்வாரத்தைக் கடக்குங்கால், இரசாயனசாலையின் சாளரங்களினின்று வந்து மூக்கைத் துளைக்கும் நெடியன்றி எமக்கும் அத்துறைக்கும் வேறு தொடர்பு இல்லையென்றே எம் வகுப்புத் தோழர் எண்ணியிருக்கின்றனர். ஆயினும், மேனிலைப் பள்ளியில் ஈராண்டு இரசாயனமும் ஒரு பாடமாகப் பயின்ற பின்னரே யாம் இக்கல்லூரி புகுந்தோம். அவ்வீராண்டிற் கற்ற சமன்பாடுகளுட் பெரும்பாலன இன்று எம் நினைவில் இல்லை. ஒரு சோதனைக்குழாயின் அடியில் மூன்று விரற்கடை அளவு நின்ற நிறமற்ற நீர்மம் மட்டும் இன்னும் கண்முன் நிற்கின்றது. அதனைப் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றோம்.

எம் பள்ளி தென்பாண்டிக் கடற்கரையை அடுத்த சிற்றூர் ஒன்றில் உள்ளது. ஊரின் கிழக்கே கடல். தெற்கே கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளங்கள். கோடைக்காலத்து நண்பகலில் அவ்வளங்களிற் குவித்த உப்பின் வெண்மை கண்ணைக் கூசச் செய்யும். பள்ளிக் கிணற்று நீரோ வாயில் வைத்தற்கு ஆகாதது. அந்நீரிற் கழுவி உலர்த்திய கண்ணாடிக் குவளையில் வெண்படலம் ஒன்று படிந்திருக்கும். இவ்வுவர்ப்பை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக. எம் கதையில் இதற்கும் ஓரிடம் உண்டு.

செய்முறை வகுப்பில் எம்மோடு ஒரே மேசையில் நின்று பயின்ற நண்பர் ஒருவர். அவர் பெற்றோர் இருவரும் உப்பளத் தொழிலாளர். விடுமுறை நாள்களில் அவரும் அளத்திற்குச் சென்று உப்பு வாருவார். பேச்சிற் குறைந்தவர், ஒரு வரி எழுதுமுன் மும்முறை நோக்குபவர். யாமோ வகுப்பின் முதல் மாணவர் என்று பெயர் பெற்றிருந்தோம். அப்பெயரே பின்னர் எம்மைக் கெடுத்தது.

பன்னிரண்டாம் வகுப்பின் இடையில் பள்ளியளவில் ஒரு செய்முறைத் தேர்வு நடைபெற்றது. ஆசிரியர் மேசைதோறும் எண்ணிட்ட புட்டி ஒன்றை வைத்தார். ஒரு மேசையில் நின்ற இருவர்க்கும் ஒரே அமிலம். "இதிலுள்ளது நான்கனுள் ஒன்று: ஹைட்ரோகுளோரிக் அமிலம், கந்தக அமிலம், நைட்ரிக் அமிலம், அசெட்டிக் அமிலம். இன்னதெனக் கண்டு எழுதுங்கள். பெயருக்கு 5 மதிப்பெண், கண்டவற்றிற்கும் அவற்றினின்று கொண்ட முடிவிற்கும் 15 மதிப்பெண்," என்று அறிவித்தார். அத்தேர்வில் முதல் நால்வராய் வருவோரை, நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் மூன்று நாள் நடைபெறவிருந்த அறிவியல் முகாமிற்கு அனுப்புவதாகவும் சொல்லியிருந்தார். எம் நண்பர் தம் ஊரை விட்டு வெளியூரில் ஓரிரவும் தங்கியறியாதவர். அம்முகாமைப் பற்றி அவர் எம்மிடம் இருமுறை பேசினார். அவர் ஒரு பொருளை இருமுறை பேசுதல் அரிது.

நீல லிட்மஸ் தாளை நனைத்தோம், அது சிவந்தது. அவ்வளவே. நான்கு அமிலமும் அத்தாளைச் சிவப்பிக்கும். நீர்மம் அமில இனத்தது என்பதை மட்டும் தாள் சொல்லுமன்றி, இன்ன அமிலம் என்று சொல்லாது. தெருவில் வருபவர் மனிதர் என்றறிவது ஒன்று. இன்னார் என்றறிவது வேறொன்று அன்றோ?

இவ்வினத்துப் பொருள்களுக்கு மக்கள் இட்ட பெயர்களை நோக்கின் ஒருண்மை புலப்படும். நம் முன்னோர் இவற்றைத் திராவகம் என்றனர்; நீர்மமாய் ஓடுந்தன்மை பற்றி எழுந்த பெயர் அது. கந்தகத் திராவகம், வெடியுப்புத் திராவகம் என்னும் வழக்கு முதியோர் வாயில் இன்றும் உண்டு. யாழ்ப்பாணத்தில் தமிழ்மொழியிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1875-ஆம் ஆண்டில் வெளியிட்ட இரசாயன நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்றே பெயர். அதன் பின்னர்த் தமிழிற் கலைச்சொற்கள் பல்கின. இன்றைய பாடநூல்கள் அமிலம் என்னும் சொல்லையே ஆள்கின்றன. அச்சொற்குப் புளிப்பு என்பது பொருள். ஆங்கிலப் பெயரும் புளிப்பென்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்று பிறந்ததே. ஆகவே, ஆதியில் மனிதருடைய நாவே அமிலங்களைக் கண்டறியும் கருவியாய் இருந்தது என்பது தெளிவு.

அக்கருவி இடர் மிக்கது. டார்ட்டாரிக் அமிலம், சிட்ரிக் அமிலம், ஆக்ஸாலிக் அமிலம் முதலிய பலவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டிய சுவீடன் நாட்டு மருந்தாளர் ஷீலே, தாம் கண்ட பொருள்களைச் சுவைத்துப் பார்க்கும் வழக்கமுடையவர் என்பர். அவர் 1786-ஆம் ஆண்டில், 43-ஆம் வயதிலேயே காலமானார். அதற்கு ஒரு நூற்றாண்டிற்கு மேல் முன்னதாகவே, இங்கிலாந்தில் வாழ்ந்த இராபர்ட் பாயில் நாவை விலக்கிக் கண்ணைத் துணைக்கொள்ளும் வழியைக் காட்டியிருந்தார். வயலட் மலரின் நீலச்சாறு அமிலம் பட்டாற் சிவப்பதையும் காரம் பட்டாற் பசுமையாவதையும் 1664-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நிறவியல் நூலில் அவர் விளக்கினார். நம் இரசாயனசாலையிலுள்ள லிட்மஸ் தாளும், லைக்கன் என்னும் உயிரினின்று எடுத்த சாயம் தோய்ந்ததே.

இனம் அறிந்த பின் தனிப்பெயர் அறிதற்குரிய சோதனைகள் பாடநூலில் வரிசையாய் உள்ளன. சில்வர் நைட்ரேட்டுக் கரைசலைச் சேர்த்தவுடன் தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு தோன்றி, அஃது அம்மோனியாவிற் கரையுமாயின் அங்கே குளோரைடு உண்டு, அமிலம் ஹைட்ரோகுளோரிக். பேரியம் குளோரைடைச் சேர்த்தவுடன் வெண்ணிற வீழ்படிவு தோன்றி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்திற் கரையாது நிற்குமாயின் அது பேரியம் சல்பேட்டு. அமிலம் கந்தக அமிலம். காடியின் மணமும், நடுநிலைப்படுத்தியபின் பெர்ரிக் குளோரைடு தரும் செந்நிறமும் அசெட்டிக் அமிலத்தைக் காட்டும். நைட்ரிக் அமிலத்தின் சோதனையே இவற்றுட் பொறுமை வேண்டுவது. புதிதாய்க் கரைத்த பெர்ரஸ் சல்பேட்டைச் சேர்த்துக் குழாயைச் சாய்த்துப் பிடித்து, அடர்ந்த கந்தக அமிலத்தைக் குழாயின் உட்சுவர் வழியே மெல்ல இறக்குதல் வேண்டும். மில்லிலிட்டருக்கு 1.84 கிராம் எடையுள்ள அவ்வமிலம் அடியிற் சென்று தங்கும். இரு நீர்மங்களும் கூடும் எல்லையிற் பழுப்பு வளையம் ஒன்று தோன்றும். கை அசைந்தால் வளையம் குலையும், சூடேறினும் மறையும்.

தேர்வன்று காய்ச்சி வடித்த நீர்ப்புட்டி ஆசிரியர் மேசையில் இருந்தது. அங்கே மாணவர் வரிசையாய் நின்றனர். காத்திருக்க மனமின்றி யாம் ஒரு முகவையில் குழாய்நீரைப் பிடித்துக்கொணர்ந்து, அதனாலேயே எம் குழாய்களையும் நண்பருடைய குழாய்களையும் கழுவினோம். அமிலத்தை நீர்ப்பித்தற்கும் அந்நீரையே கொண்டோம். நண்பர் முகவையை நோக்கி, எம் ஊர் வழக்கில், "ஏலே, தண்ணியே உப்புத் தண்ணிதானல," என்றார். "கழுவத்தானே," என்று விடையிறுத்துவிட்டு யாம் மேற்சென்றோம்.

சில்வர் நைட்ரேட்டில் நான்கு துளி விட்டோம். நீர்மம் வெளிறிக் கலங்கிற்று. அக்கணமே எம் மனம் முடிவு செய்துவிட்டது. நோக்கியவை என்னும் பத்தியில், 'தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு தோன்றியது. அம்மோனியாவிற் கரைந்தது,' என்று எழுதினோம். உண்மையில் எம் குழாயில் தயிர் போன்றது எதுவும் இல்லை. மெல்லிய கலங்கலே இருந்தது. குழாயின் பின்னே விரலை வைத்தால் விரல் தெரிந்தது. அம்மோனியாப் புட்டியின் மூடியையும் யாம் திறக்கவில்லை. கண் கண்டது ஒன்று. கை எழுதியது பாடநூலின் உவமை.

அதனோடு நின்றிருந்தால் இழப்பு எமக்கு மட்டுமாய் முடிந்திருக்கும். நண்பருடைய தாளை எட்டிப் பார்த்தோம். அவர், 'நீர்மோர் போல் இலேசாகக் கலங்கியது. கட்டியாகவில்லை,' என்று எழுதிவிட்டு, பெர்ரஸ் சல்பேட்டுப் படிகங்களைக் கரைக்கத் தொடங்கியிருந்தார். எமக்கு நகைப்பு வந்தது. இரசாயனத் தாளில் நீர்மோரா! "புத்தகத்தில் தயிர் என்று இருக்கிறது, நீ மோர் என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா? இது ஹைட்ரோகுளோரிக். இனி வளையச் சோதனை எதற்கு? நேரம் போகிறது," என்று தாழ்ந்த குரலிற் கூறினோம். தேர்வு முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அவர் சிறிது நேரம் குழாயை வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பார்த்தார். எம் முகத்தையும் பார்த்தார். பின்பு தம் வரியைக் கோடிட்டு அடித்து, எம் வரியை அதன்கீழ் எழுதினார். கரைத்த பெர்ரஸ் சல்பேட்டு மேசைமேல் அப்படியே இருந்தது.

புட்டியில் இருந்தது நைட்ரிக் அமிலம்.

விடைத்தாள்களைத் திருப்பித் தந்த நாளில் ஆசிரியர் எம்மிருவரையும் நிறுத்தி வைத்தார். அவர் சினக்கவில்லை. தூய குழாய் ஒன்றிற் கிணற்று நீரை மட்டும் எடுத்து, நைட்ரிக் அமிலம் இரண்டு துளியும் சில்வர் நைட்ரேட்டு நான்கு துளியும் விட்டார். எம் குழாயிற் கண்ட அதே கலங்கல் அதிலும் தோன்றிற்று. அம்மோனியாவைச் சேர்த்தார், கலங்கல் தெளிந்தது. "பார்த்தீர்களா? அம்மோனியாவைச் சேர்த்திருந்தாலும் அது கரைந்துதான் இருக்கும். சில்வர் நைட்ரேட்டு பொய் சொல்லவில்லை. இங்கே குளோரைடு உண்டா என்று கேட்டீர்கள்; உண்டு என்றது. அது அமிலத்தினின்று வந்ததா, கிணற்றினின்று வந்ததா என்று நீங்கள் கேட்கவில்லை," என்றார்.

சில்வர் குளோரைடு நீரில் மிகமிகச் சிறிதே கரைவது. ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 2 மில்லிகிராமையே தன்னுட் கொள்ளும். ஆதலின் குளோரைடு சிறிதளவு இருப்பினும் கலங்கல் தோன்றிவிடும். குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமிற்கு மேற்படாதிருத்தல் நன்று என்பது இந்தியத் தர அளவு. கடல்நீரிலோ லிட்டருக்கு ஏறத்தாழ 19 கிராம் உண்டு. கடலுக்கும் உப்பளத்திற்கும் இடைப்பட்ட எம் கிணறு இவ்விரண்டிற்கும் நடுவே எங்கோ நின்றது. அந்நீரில் ஒரு சிறு மிச்சம் போதும், ஒரு பெரிய பொய்யைத் தோற்றுவித்தற்கு. இதனைத் தடுத்தற்கே வெற்றுச் சோதனை என்பதொன்றை அறிஞர் வகுத்தனர்: ஆராயும் பொருளை விடுத்து, பயன்படுத்தும் நீரிலும் பிறவற்றிலும் மட்டும் அதே சோதனையைச் செய்து பார்த்தல். எம் நண்பர், பெயரறியாமலே அவ்வையத்தை எழுப்பியிருந்தார். உப்பளத்து வாழ்வு அவருக்குக் கற்பித்ததை எம் முதலிடம் எமக்குக் கற்பிக்கவில்லை.

பின்னர் ஆசிரியர் நண்பருடைய தாளை எடுத்து, கோடிட்ட வரியின்மேல் விரலை வைத்தார். "இவ்விரு தாள்களிலும் உள்ள மெய்யான வரி இது ஒன்றே. தம்பி, இதை ஏன் அடித்தாய்? யாராவது சொன்னார்களா?" என்று வினவினார். நண்பர் தலைகுனிந்து நின்றார். யாம் அருகில் நின்றோம். யாமும் வாய் திறக்கவில்லை. ஆசிரியர் சிறிது நேரம் காத்திருந்துவிட்டு எம்மை அனுப்பிவிட்டார். பெயர் பிழையாயினும் பிற பகுதிகளிற் பெற்ற மதிப்பெண்களால் யாம் நால்வருள் ஒருவரானோம். நண்பர் மூன்று மதிப்பெண் குறைந்து ஐந்தாமவரானார்.

அவ்வாண்டே யாம் திருச்சபையில் திடப்படுத்தல் பெற்றிருந்தோம். அடுத்த ஞாயிறன்று திருவிருந்தில் அமரவேண்டும். சனிக்கிழமை இரவு உறக்கம் வரவில்லை. கண்ணாற் காணாததைக் கண்டதாக எழுதியது ஒரு பொய். கண்டதை எழுதியவரை அழிக்கச் செய்தது இரண்டாவது. கேட்டபோது வாளா நின்றது மூன்றாவது. மூன்றனுள் மூன்றாவதே மிகவும் சுட்டது. ஞாயிறு காலை ஆராதனைக்கு முன்னர் ஆசிரியர் இல்லத்திற்குச் சென்று நடந்தவற்றையெல்லாம் சொன்னோம். அவர் யாதும் கடிந்துரையாது, உட்சென்று மதிப்பெண் ஏட்டை எடுத்துவந்தார். நோக்கியவற்றிற்கு உரிய மதிப்பெண்ணில் நான்கினை நண்பருக்குச் சேர்த்தார். எழுதியும் செய்யாத அம்மோனியாச் சோதனைக்காக எமக்கு இரண்டினைக் குறைத்தார். "ஆனால், முகாமிற்கு அனுப்பிய பெயர்ப்பட்டியல் வெள்ளிக்கிழமையே போய்விட்டது," என்றார். எமக்குப் பதிலாக நண்பரை அனுப்பலாமோ என்று வேண்டினோம். மறுநாள் அவர் தொலைபேசியிற் கேட்டுப் பார்த்தார். இயலாதென்று விடை வந்தது. யாமும் செல்ல மறுத்துவிட்டோம். அதனால் நண்பருக்கு யாதொரு பயனும் விளையவில்லை என்பதையும் இங்கு ஒப்புக்கொள்ளுதல் கடன்.

நண்பரிடம் மன்னிப்பு வேண்டியபோது அவர் உப்பளத்து வரப்பில் நின்றுகொண்டிருந்தார். எம் சொற்கள் முடியும்வரை கேட்டுவிட்டு, "அடிச்சது எம் பேனாதானல," என்றார். எம்மைத் தேற்றுதற்குச் சொன்னாரோ, தம்மை நொந்து சொன்னாரோ, அன்று எமக்கு விளங்கவில்லை. இரண்டும் உண்டென்று இன்று எண்ணுகின்றோம்.

இப்பிழை எம் போன்ற சிறுவர்க்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டா. பிரெஞ்சு நாட்டுப் பேரறிஞர் லவாசியே, அமிலத்தன்மை அனைத்திற்கும் ஒரு வாயுவே காரணம் என்று கொண்டு, 1777-ஆம் ஆண்டளவில் 'அமிலத்தைப் பிறப்பிப்பது' என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டார்; அதுவே ஆக்ஸிஜன். கந்தக அமிலத்திலும் நைட்ரிக் அமிலத்திலும் அவ்வாயு உண்டு என்பது மெய். ஆனால், அக்காலத்தார் முரியாட்டிக் அமிலம் என்று வழங்கிய ஹைட்ரோகுளோரிக் அமிலத்தினின்று அதனை எவரும் பிரித்தெடுத்ததில்லை. இருந்தும் அதிலும் உண்டென்றே அவர் துணிந்தார். 1789-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலின் தனிமங்களின் பட்டியலில், எவரும் காணாத முரியாட்டிக் மூலத்திற்கும் ஓரிடம் தந்தார். தராசின் நுண்மையை இரசாயனத்திற்கு உரித்தாக்கிய பெருமகனாரும் ஓரிடத்திற் கண் காண்பதற்கு முன்னே கை எழுதிவிட்டார்.

அதனைத் திருத்தியவர் இங்கிலாந்து நாட்டு ஹம்பிரி டேவி. அவ்வமிலத்தினின்று பெறப்படும் பசுமஞ்சள் வாயுவில் ஆக்ஸிஜன் உண்டென்று அனைவரும் சொல்லிவந்தனர். டேவி, வெண்மையாகக் காய்ந்த கரியை அவ்வாயுவில் வைத்துப் பார்த்தார். ஆக்ஸிஜன் இருப்பின் கரி அதனைப் பற்றிக்கொள்ளுதல் வேண்டும். அவ்வாறு யாதும் நிகழவில்லை. ஆகவே அது கலவைப் பொருளன்று, தனிமமே என்று 1810-ஆம் ஆண்டில் அறிவித்தார். பெயரிடும்போது, அது எதனைச் செய்யும், எதனைப் பிறப்பிக்கும் என்னும் கொள்கை எதனையும் அதன்மேல் ஏற்றவில்லை. கண்ணுக்குத் தெரிந்த நிறத்தையே கொண்டு, வெளிர்பசுமை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லால் குளோரின் என்றார். கொள்கையினின்று பிறந்த பெயர் பிழைபட்டது; காட்சியினின்று பிறந்த பெயர் பிழையாது நிற்கின்றது. இச்செய்தியைப் படித்த நாளில் எம் நண்பருடைய நீர்மோர் எம் நினைவிற்கு வந்தது.

காலம் எம்மைத் தமிழ் வகுப்பிற்கும் நண்பரை இரசாயன வகுப்பிற்கும் கொண்டுவந்து, ஒரே கல்லூரியிற் சேர்த்தது. இவ்வாண்டு ஆவணித் திங்களில் ஒரு நாள் மாலை, அவர் விடுதி அறைக்கு வந்து, "நாளைக்கு லேபுக்கு வா, சார்கிட்டக் கேட்டுட்டேன்," என்றார். பேராசிரியர் ஒருவருடைய இசைவின்பேரில் மறுநாள் சென்றோம். கண்காப்பும் மேலங்கியும் அணிவித்து, எண்ணிட்ட மூன்று குழாய்களை நண்பர் எம் முன் வைத்தார். "பேரைச் சொல்லாத, பாத்ததைச் சொல்லு," என்பதே அவர் இட்ட கட்டளை.

யாம் முதலிற் கேட்டது காய்ச்சி வடித்த நீர். குழாய்களை மும்முறை கழுவினோம். அந்நீரில் மட்டும் சில்வர் நைட்ரேட்டை விட்டுப் பார்த்தோம், பளிங்குபோற் தெளிந்திருந்தது. பின்பு முதற்குழாயில் விட்டோம். விட்ட துளி விழுந்த இடத்திலேயே வெள்ளைக் கட்டிகள் திரண்டன. பாடநூல் தயிர் என்கின்றது. எம் கண்ணுக்கு அது, புளித்தது பட்டுத் திரிந்த பாலாய்த் தோன்றிற்று, அவ்வாறே எழுதினோம். அம்மோனியாவில் அது முற்றும் கரைந்தது. அதனின்று முன்னரே ஒரு பகுதியைச் சாளரத்து வெயிலில் வைத்திருந்தோம். சிறிது நேரத்தில் நாவற்பழத் தோலின் நிறம் அதன்மேல் ஏறிற்று. நண்பர் புன்முறுவல் பூத்தார்.

இரண்டாங் குழாய் சில்வர் நைட்ரேட்டிற்கு விடை தரவில்லை. பேரியம் குளோரைடை விட்டவுடன் அரிசி கழுவிய நீர் போலாயிற்று. வைத்தபோது நுண்ணிய மாவாய் அடியிற் படிந்தது. அமிலத்தைச் சேர்த்தும் அது கரையவில்லை. எதிலும் எளிதிற் கரையாத அக்குணத்தினாலேயே, நச்சுத்தன்மையுடைய பேரியத்தின் சேர்மமாய் இருந்தும், அதனைக் குழம்பாக்கிக் குடிப்பித்து வயிற்றை எக்ஸ் கதிராற் படம் பிடிக்கின்றனர் என்று நண்பர் விளக்கினார்.

மூன்றாங் குழாய் இரண்டிற்கும் வாளா இருந்தது. பெர்ரஸ் சல்பேட்டைப் புதிதாய்க் கரைத்தோம், வெளிர்பசுமையாய் இருந்தது. அடர்ந்த அமிலப் புட்டியைப் பயிற்சியுடைய நண்பரே எடுத்தார். குழாயைச் சாய்த்துப் பிடித்தது யாம். துளி துளியாய் அமிலம் உட்சுவர் வழியே இறங்கி அடியிற் தங்கிற்று. யாதும் தோன்றவில்லை. "இல்லையே," என்று சொல்ல வாயெடுத்தோம். "பொறுல, ஆறட்டும்," என்றார் அவர். குழாய் நீரிற் குளிர்ந்தது. சிறிது நேரத்தில், இரு நீர்மங்களும் கூடிய எல்லையில், வெண்சுவரிற் படிந்த தேயிலைக் கறைபோல் மெல்லிய பழுப்பு வரி ஒன்று தோன்றி, பையப்பைய வளையமாய்க் கூடிற்று. நைட்ரேட்டினின்று பிறந்த நைட்ரிக் ஆக்ஸைடு இரும்போடு கூடியதனால் தோன்றிய வளையம் அது. அன்று பள்ளி மேசையில் இருபது நிமிடம் பொறுத்திருந்தால், இவ்வளையம் அன்றே நண்பர் குழாயில் தோன்றியிருக்கும். இருவரும் அதனை நெடுநேரம் நோக்கினோம். அன்றைய நிகழ்ச்சியைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. பேச வேண்டியதும் இல்லாதிருந்தது.

தமிழ் பயிலும் எமக்கு இதனால் விளைந்தது யாது என்று வினவுவார்க்கு ஒன்று சொல்வோம். செய்யுளொன்றைப் பற்றி எழுதுங்கால், 'தேனினும் இனிய நடை', 'ஈடிணையற்ற கற்பனை' என்றாற்போன்ற தொடர்கள் எம் எழுதுகோலின் நுனியில் ஆயத்தமாய் வந்து நிற்கும். அவையெல்லாம் பிறர் கண்ட தயிர். அச்செய்யுளில் யாம் கண்டது யாது? தயிரோ, நீர்மோரோ, ஒன்றுமே இல்லையோ? கண்டதை எழுதின் எம் கட்டுரை சுருங்கும். சில வேளை நகைப்பிற்கும் இடமாகும். ஆயினும் அச்சுருங்கிய வரியே மெய்யான வரியாம்.

நம் மொழியில் இந்நெறி புதியதன்று. உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிடுதற்கு முன்னர், பல ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கினார். சைனசமயச் செய்திகளில் ஐயம் நேர்ந்த இடங்களில் தம் புலமையால் ஊகித்து எழுதிவிடாமல், கும்பகோணத்துச் சைனரை அடுத்துக் கேட்டுத் தெளிந்தார். ஓர் ஏட்டின் பாடத்தை வேறோர் ஏட்டால் சோதித்தலும், ஒரு குழாயின் கலங்கலை வெற்றுச் சோதனையால் சோதித்தலும் வேறல்ல. இரசாயனசாலையின் நெடிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு செல்லும் எம் வகுப்புத் தோழர் இதனைச் சிறிது எண்ணிப் பார்ப்பாராக.

அப்பள்ளித் தேர்வின் விடைத்தாளை நண்பர் இன்னும் வைத்திருக்கின்றார். அன்று மாலை விடுதியில் அதனை எமக்குக் காட்டினார். மை மங்கியிருக்கின்றது. நேராய் இழுத்த கோட்டின் கீழே, 'நீர்மோர் போல் இலேசாகக் கலங்கியது. கட்டியாகவில்லை,' என்னும் எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றன. பக்கத்தில் ஆசிரியர் சிவப்பு மையால் நான்கு என்று இட்டிருக்கின்றார். அதன்கீழ் உள்ள வரி எம்முடையது. அதற்கு யாதொரு குறியும் இல்லை.